அழுகாச்சி மேடத்துக்கு நான் மகனான கதை

துபாய் சத்வாவில் அழுகாச்சி மேடம் அளவுக்கு அழுதவர் யாரும் கிடையாது. அழுது முடித்துவிட்டு அவ்வளவு சந்தோஷமாக டீ குடித்தவரும் கிடையாது.

நானும் அறந்தாங்கி செல்வராசுவும் அந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த மறுநாள். சாயங்காலம் டூட்டி முடிந்து வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து ஃபிளாட்டில் ஒரு பெண் குரல் வீறிட்டது.

“யோவ், யாரையோ கொல்றாங்கய்யா!” என்று செல்வராசு கரண்டியோடு ஓடினான். பின்னாலேயே நான். கதவைத் திறந்தவர் அறுபதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி. கன்னமெல்லாம் கண்ணீர்.

“வெளியே கேட்டுச்சா, பாய்?” அரைகுறை இந்தியில் கேட்டார்.

“கேட்டுச்சு மேடம்.”

“பயமா இருந்துச்சா?”

“ரொம்ப.”

“அச்சா!” முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எங்களை உள்ளே உட்காரவைத்து, ஜாம் போட்ட கறுப்பு டீ கொடுத்தார். செல்வராசு கண்ணை மூடிக்கொண்டு குடித்தான்.

மேடம் ரஷ்ய நடிகை. பதினேழு வயதில் நாடக மேடை ஏறியவர், ராணி, சலவைக்காரி, பைத்தியக்காரி என்று முப்பது வருஷம் இறங்கவே இல்லை. நடுநடுவே சினிமா. பழைய படங்களை ஃபோனில் போட்டுக் காட்டுவார். எல்லாவற்றிலும் பாதிப் படத்துக்குள் செத்துப்போவார். ஒன்றில் காய்ச்சல், ஒன்றில் பனி, ஒன்றில் புருஷன்.

“இதுல எதுக்கு மேடம் செத்தீங்க?” என்று செல்வராசு ஒருமுறை கேட்டான்.

“டைரக்டருக்கு என்னைப் பிடிக்கலை.”

ஐம்பது வயதுக்கு மேல் யாரும் கூப்பிடவில்லை. மகளோடு துபாய் வந்தார். மகள் வேலை மாறி வேறு நாட்டுக்குப் போனாள். முட்டிவலிக்கு இந்த வெயில்தான் மருந்து என்று மேடம் தங்கிவிட்டார். பிள்ளைகளுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்தார். பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று தினமும் சாயங்காலம் அழுதார்.

ஒருநாள் எங்கள் கதவைத் தட்டினார். அவரிடம் படித்த பையன் ஒருவன் ரஷ்யாவில் சினிமா டைரக்டர் ஆகிவிட்டானாம். அம்மா வேஷம். இன்னும் இரண்டு பேரையும் பார்க்கிறானாம். ஒரு காட்சியை நடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறான். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் அழைப்பு.

செல்வராசு ஃபோனைப் பிடித்தான். ஏசி மெக்கானிக்கான நான் மகன். பல வருஷம் கழித்து வீட்டுக்கு வந்தவன், நாளைக்கே கிளம்ப வேண்டும் என்று அம்மாவிடம் சொல்ல வேண்டும். ரஷ்யனில் ஒரே வரி. மேடம் சொல்லச் சொல்ல அதை உள்ளங்கையில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். ஏழு தடவை எடுத்தோம்.

“பாய், அம்மாகிட்டப் பேசு! கம்ப்ரஸர் போயிடுச்சுன்னு சொல்ற மாதிரியே சொல்றே!”

எட்டாவது தடவை மேடம் அழவில்லை. பக்கத்தில் வந்து, என் டூட்டி சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டார். அவ்வளவுதான். எனக்கு உள்ளங்கை மறந்துபோனது.

“நாளைக்குப் போகணும்மா” என்றேன், தமிழில்.

அவர் தலையை ஆட்டினார். காலரைத் தடவி நேராக்கினார். செல்வராசு ஃபோனை இறக்கவே இல்லை. கடைசியில் மேடம்தான் “கலாஸ், முடிஞ்சது” என்றார்.

அதையேதான் அனுப்பினார். காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்று எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பதில் வந்தது. வேஷம் மேடத்துக்குத்தான்.

“மகன் பேசினது எந்த ஊர் ரஷ்யன்னு டைரக்டர் கேட்டான்” என்றார்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“தெற்கே. ரொம்பத் தெற்கே.”

அடுத்த மாதம் கிளம்பினார். டாக்ஸியில் பெட்டியை ஏற்றும்போது தேம்பித் தேம்பி அழுதது செல்வராசுதான். மேடம் நின்று நிதானமாகப் பார்த்தார். “அச்சா. ஆனா கொஞ்சம் ஜாஸ்தி” என்று சொல்லி அவன் தலையைத் தடவினார்.

இப்போது அங்கே அவருக்கு ஓய்வில்லாத வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வாய்ஸ் மெசேஜ் வரும். அந்த ஒரு வரியைப் பழகியதால் எனக்கு ரஷ்யன் வந்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. முழுக்க ரஷ்யனிலேயே பேசுகிறார். பத்து நிமிஷம். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஒரு விநாடிகூடத் தள்ளிவிடாமல் கேட்பேன்.