தலைகுனிய மறுத்த சம்மனசுப் பூ

குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்து யோசெப்பை எப்படி அப்புறப்படுத்துவது என்றுதான் பேனாட் நாலு நாளாக யோசித்துக்கொண்டிருந்தார்.

யோசெப் என்றால் ஆளல்ல. ஆள் சவுதியில் ஏசி திருத்திக்கொண்டிருந்தான். அவன் மின்னஞ்சலில் அனுப்பிய படம்தான் கதவில் இருந்தது. நாலைந்து வெள்ளைப் பூக்கள், ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், வாய் நிலத்தைப் பார்க்கத் தொங்கியபடி; படத்தில் சுற்றிலும் மணலோ வானமோ விழவில்லை. மனைவி எலிசா, தான் சமைக்கப் போகும் கார்டறியில், அதாவது சிறுபிள்ளைகள் காப்பகத்தில், அதைக் கலரில் அச்சடித்து வந்து, அந்தோனியார் காந்தத்தால் ஒட்டிவிட்டிருந்தாள்.

"நாப்பத்தெட்டு டிகிரி வெயிலில, வெறும் மணலில பூக்க வைச்சிருக்கிறார்," என்றாள் எலிசா. "சம்மனசு எக்காளமாம். அவரே எழுதியிருக்கிறார். பேரைப் பாருங்கோவன்!"

"தேவதூதன் ஊதுற எக்காளம். பேர் நல்லாத்தான் இருக்கு."

"எல்லாத்துக்கும் ஒரு கைராசி வேணும்."

பேனாட்டுக்கு வயிறு எரிந்தது. யோசெப் அவருடைய சகலன். எலிசாவின் தங்கச்சி றோசாவின் புருஷன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இருபத்தாறு வருடங்களுக்கு முன்னர் யோசெப்புக்கு முதலில் பேசிய பெண் எலிசாதான். "சவுதி மணலுக்கு என்ர பிள்ளையை அனுப்பேலாது" என்று மாமனார் அந்தச் சம்பந்தத்தைத் தட்டிவிட்டு, மன்னார்க் கடற்கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்த பேனாட்டுக்குக் கட்டிக்கொடுத்தார். பிறகு அதே மாமனார் அதே மணலுக்கு றோசாவை மனமகிழ்ச்சியோடு அனுப்பிவைத்தது வேறு விஷயம். எலிசா மனதுக்குள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறாளோ என்ற சந்தேகம் பேனாட்டை அன்றிலிருந்து விட்டதில்லை.

இப்போது பால் எடுக்கப் போனால் யோசெப். முட்டை எடுக்கப் போனால் யோசெப்.

போதாக்குறைக்கு ஆகஸ்டில் பேனாட்டுக்கும் எலிசாவுக்கும் வெள்ளிவிழா. அதற்கு யோசெப்பும் றோசாவும் விசா எடுத்து கனடாவுக்கு, இந்த மொன்றியலுக்கே வரப்போகிறார்கள். அன்றைக்கு, அவனுக்கு முன்னால், தன் பெண்சாதி தன்னைப் பார்த்துப் பெருமைப்பட வேண்டும். பேனாட்டுக்கு வேறொன்றும் வேண்டாம். வாழ்க்கையில் ஒருமுறை, ஒரே ஒருமுறை.

பேனாட் ஜான்-டலோன் சந்தையில் பன்னிரண்டு வருடமாகத் தக்காளிப் பெட்டி தூக்குகிறவர். எதிர்க்கடையில் பூங்கன்று விற்கும் மதாம் லூசிடம் போய்ப் படத்தைக் காட்டினார். முழங்கால் உயரத்தில் அச்சொட்டாக அதே கன்று அவளிடம் ஒன்றே ஒன்று இருந்தது. அதை மெத்ரோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, கார்ட்டியர்வில் வீட்டில் இறக்கிவிட்டு, சவுதிக்குப் போன் எடுக்கக் கோலிங் கார்டைச் சுரண்டினார்.

"யோசெப், சும்மா சுகம் கேக்கத்தான் எடுத்தனான்."

"சுகம் அண்ணை."

"உம்மட பூவுக்கு என்ன போடுறனீர்? எங்கட ஆக்களில ஒராள் கேட்டவர்."

மறுமுனையில் யோசெப் ஒருதரம் செருமினான்.

"அண்ணை, உது செல்லம் குடுத்தால் வராது. மணல் வேணும். நெருப்பு வெயில் வேணும். தண்ணி கனக்கக் காட்டக்கூடாது."

"உரம்?"

"உரமோ! சும்மா விட்டால் தானாக் காடு பத்தும் அண்ணை."

வெளியே மே மாதத்துப் பதினொரு டிகிரி. நெருப்பு வெயிலுக்கு எங்கே போவது? பேனாட் உடுப்புக் கழுவும் அறைக்குள் கன்றை வைத்து, உலர்த்தி இயந்திரத்தின் பக்கத்தில் மின்சார ஹீட்டரைப் பூட்டி, கதவை அடைத்தார். பனிக்காலத்தில் வாசல் படியில் வழுக்காமல் தூவுகிற மணலில் அரைப் பை மிச்சம் இருந்தது. அதைச் சட்டி நிறையக் கொட்டினார். கார்ட்டியர்வில்லில் ஒரு குட்டிச் சவுதி உருவாகியது.

"என்னப்பா இது, உடுப்பு எடுக்கப் போக எனக்குத் தலை சுத்துது," என்றாள் எலிசா.

"பொறும். சம்மனசு வருது."

சம்மனசு வரவில்லை. மூன்றாம் நாள் இலை வாடியது. சூடு காணாதாக்கும் என்று இரண்டாவது ஹீட்டர் வைத்தார். ஆறாம் நாள் இலை கருகியது. மணல் காணாதாக்கும் என்று மிச்சத்தையும் கொட்டினார். ஒன்பதாம் நாள் சட்டியில் ஒரு குச்சி மட்டும் நின்றது.

எலிசா வெறும் பையை எடுத்து வாசித்தாள்.

"இஞ்சேருங்கோ, பனி உருகிறதுக்கு இதில பாதிக்குப் பாதி உப்பெல்லே போட்டிருக்கிறான்! மீனைத் தாட்டிருந்தீங்கள் எண்டாலும் கருவாடாவது கிடைச்சிருக்கும்."

சொல்லிவிட்டுக் குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் பார்த்தாள். ஒரு கணம்தான் பார்த்தாள். அந்த ஒரு கணம் பேனாட்டுக்கு இரண்டு இரவு நித்திரையைத் தின்றது.

ஜூனில் மறுபடியும் மதாம் லூசிடம் போனார். இந்த முறை படத்தைக் கொண்டுபோகவில்லை, எலிசாவின் கண்ணுக்கு முன்னால் அதைக் கழற்ற அவருடைய மானம் இடம் கொடுக்கவில்லை.

"துறொம்பெத்!" என்று கையை வாயில் வைத்து ஊதிக் காட்டினார்.

மதாம் லூஸ் எதையோ நீளமாகக் கேட்டாள். அதில் பேனாட்டுக்குப் பிடிபட்டது கடைசி இரண்டு சொல்தான். சியெலா, தேரா?

பேனாட்டின் பிரெஞ்சு சந்தைப் பிரெஞ்சும் பூசைப் பிரெஞ்சும் கலந்தது. தேர் என்றால் தெரியும். பொம் து தேர், உருளைக்கிழங்கு. பன்னிரண்டு வருடமாக மூட்டை மூட்டையாகத் தூக்கியிருக்கிறார். சியெல் என்றாலும் தெரியும். ஞாயிறு பூசையில் பரமண்டலத்தில் இருக்கிற பிதாவைச் சொல்லும்போது வருகிற சொல். மோட்சம். சம்மனசுக்கும் உருளைக்கிழங்குக்கும் என்ன சம்பந்தம்?

"சியெல், மதாம், சியெல்!" என்றார் பேனாட், நெஞ்சில் கையை வைத்து.

அவள் எடுத்துத் தந்த இந்தக் கன்று வேறு சாதியாக இருந்தது. பின்வளவில், உப்பில்லாத மணலில், வேலி ஓரத்து வெயிலில் வைத்ததும் குபுகுபுவென்று வளர்ந்தது. தண்ணீர் ஊற்ற மறந்தாலும் வளர்ந்தது. யோசெப் சொன்னதெல்லாம் சொன்னபடியே பலித்தது. அது பேனாட்டை இன்னும் கூடுதலாக எரித்தது. பூத்தாலும் அவன் புத்தியால் பூத்ததாகிவிடுமே! போனில் கேட்ட விஷயத்தை எலிசாவுக்குச் சொல்வதில்லை என்று தீர்மானித்துக்கொண்டார். அவளுக்கு அதிசயம் காட்ட வேண்டும் என்று பழைய கட்டில் விரிப்பால் செடியைச் சுற்றி மறைப்பும் கட்டினார்.

வெள்ளிவிழாவுக்கு ஒரு கிழமை இருக்கையில், ஒரு பின்னேரம், முதல் பூ விரிந்தது. வெள்ளை. ஒரு சாண். எக்காளமேதான். ஆனால் தொங்கவில்லை. நெட்டுக்குத்தாக நின்று வானத்தைப் பார்த்தது. மதாம் லூஸ் கேட்ட சியெல் மோட்சமல்ல, இந்த வானம்தான்; தேர் உருளைக்கிழங்கல்ல, நிலம்.

பேனாட் உள்ளே ஓடிப் படத்தைப் பார்த்தார். வெளியே ஓடிப் பூவைப் பார்த்தார். படத்தில் கீழே, செடியில் மேலே. அடுத்த நாள் மூன்று விரிந்தன. மூன்றும் மேலே.

"அண்ணை!" என்று மேல்மாடி பல்கனியிலிருந்து குரல் வந்தது. வாடகைக்கு இருக்கும் குணேஸ்வரி. மறைப்பு கீழேயிருந்து வருகிறவர்களுக்குத்தான். மேலேயிருந்து பார்க்கிறவளுக்கு இல்லை. "உது ஊமத்தை அல்லோ?"

"இல்லைப் பிள்ளை. சம்மனசு எக்காளம்."

"என்னண்ணை கதைக்கிறியள்! நான் சைவக்காரி, எனக்கு ஊமத்தை தெரியாதோ? சிவனுக்கு நல்ல விசேஷம். நாளைக்குப் பிரதோஷம், ரெண்டு பூத் தாங்கோவன்."

"இது வேற. இன்னும் இளசு. முத்தத் தொங்கும்."

"காய் முள்ளு முள்ளா வந்தால் கவனமண்ணை. வாயில வைச்சால் விசர் பிடிக்கும்."

வாயில் வைக்காமலே பேனாட்டுக்கு அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. ஊரில் பற்றை பிடித்த வளவுகளிலும் சவக்காலை மதிலோரத்திலும் இந்த முகத்தை எங்கேயோ கண்ட ஞாபகம் அவருக்கும் இருந்தது. அந்த ஞாபகத்தின் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். யோசெப்பின் பூ தொங்குமாம், தன்னுடையது தொங்காதாம்! தொங்க வைத்துக் காட்டுகிறேன் பார் என்று தூண்டில் சாமான் கடைக்குப் போய் ஈயக்குண்டு வாங்கி வந்தார்.

முதல் நாள் பூவின் கழுத்தில் ஒரு குண்டைக் கட்டினார். பூ குண்டோடு கழன்று காலில் விழுந்தது. பெருவிரல் வீங்கியது. இரண்டாம் நாள் சின்னக் குண்டு கட்டினார். பூ பக்கவாட்டில் சரிந்து, குணேஸ்வரியின் பல்கனியைப் பார்த்தது. மூன்றாம் நாள் உடுப்பு ஊசியும் பொத்தானும் பயன்படுத்தினார். பூ கிழிந்து வாழைநார் போலத் தொங்கியது. தொங்கியது என்னவோ உண்மை. ஆனால் எக்காளமாக இல்லை.

நான்காம் நாள்தான் தகப்பன் வழி மூளை வேலை செய்தது. வலை இழுத்த வம்சம் அல்லவா? மொட்டாக இருக்கும்போதே ஒவ்வொன்றின் காம்பிலும் தூண்டிலுக்குப் போடுகிற, கண்ணுக்குத் தெரியாத தங்கூசி நூலைச் சுருக்குப் போட்டு, பையப்பைய வளைத்து, பதின்மூன்று நூலையும் இலைக்குள்ளால் கீழே கொண்டுவந்து ஒரே கயிறாகத் திரித்தார். கயிற்றை எங்கே கட்டுவது? சட்டி ஆட்டம் கண்டது. வேலி தூரம். பக்கத்தில் விருந்தினருக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் கதிரைகளில் ஒன்றின் காலில் இறுக்கி, அசையாமல் இருக்க அதில் ஒரு கல்லையும் வைத்தார். மன்னார்க்காரன் முடிச்சு. கடலே இழுத்தாலும் அவிழாது.

வெள்ளிவிழா அன்று மாலை, பூக்கள் விரிந்த நேரம் பார்த்து, பேனாட் விரிப்பை இழுத்தார். பதின்மூன்று எக்காளமும் அடக்க ஒடுக்கமாகத் தலைகுனிந்து நின்றன.

எலிசா வாயில் கையை வைத்தாள்.

"என்ர மாதாவே! நீங்களோ? நீங்களாவோ?"

"வேற ஆர்?"

எலிசா கிட்ட வந்து அவருடைய ஷேர்ட் கொலரைச் சரிசெய்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. "உங்களுக்கும் கைராசி இருக்குதப்பா."

பேனாட்டுக்கு உச்சி குளிர்ந்துபோனது. ஆனால் அந்த 'உங்களுக்கும்' என்பதில் இருந்த 'உம்' தொண்டையில் மீன்முள்ளாகக் குத்தியது. பரவாயில்லை, யோசெப்பின் முகம் கறுக்கட்டும். அந்த முள்ளும் இறங்கிவிடும்.

முகம் கறுக்கத்தான் செய்தது. பின்வளவில் பங்கு மக்கள் நாற்பது பேர் றோல்ஸ் கடித்துக்கொண்டிருக்க, யோசெப் புது கோட்டோடு செடிக்கு முன்னால் ஆணி அடித்ததுபோல் நின்றான். இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான். குனிந்து பூவின் வாய்க்குள் பார்த்தான்.

"அண்ணை, இது... தொங்குது."

"தொங்கும்தானே," என்றார் பேனாட். "உம்மட படத்திலயும் தொங்கினது."

"ஓம். ஓம். தொங்கினது."

"ஏன், இதில என்ன புதினம்?"

"ஒண்டுமில்லை." யோசெப் மறுபடியும் குனிந்தான். "என்னெண்டு தொங்குது?"

அவன் கண்ணில் இருந்தது அசல் பொறாமை. அதைப் பேனாட்டுக்கு இனம்காண ஒரு விநாடி போதும். இருபத்தாறு வருடம் தானே வளர்த்த சரக்கு. அந்த ஆனந்தத்தில், யோசெப் என்ன செய்யப்போகிறான் என்பதைக் கவனிக்கத் தவறிவிட்டார்.

யோசெப் கதிரையில் இருந்த கல்லைத் தூக்கி எறிந்தான். இன்னும் கிட்ட இருந்து ஆராய்வதற்காகக் கதிரையைச் செடிப் பக்கமாக ஒரு முழம் இழுத்தான்.

கயிறு தொய்ந்தது. பதின்மூன்று பூவும் சுவிசேஷம் வாசிக்கும்போது சனம் எழும்புகிறதுபோல் ஒன்றாக எழும்பி நின்றன.

றோல்ஸ் கடிக்கிற சத்தம் நின்றுபோனது.

"பாத்தியளோ!" என்று மேல்மாடியிலிருந்து குணேஸ்வரி கூவினாள். "நான் அண்டைக்கே சொன்னனான், ஊமத்தை எண்டு!"

பிறகு எழுந்த சிரிப்பு பக்கத்துத் தெருவுக்கும் கேட்டிருக்கும். யாரோ நூலைப் பிடித்து இழுத்தார்கள், பூக்கள் குனிந்தன. விட்டார்கள், நிமிர்ந்தன. பிள்ளைகள் வரிசையில் நின்று தங்களுக்கும் ஒருமுறை இழுக்கத் தரச்சொல்லிக் கேட்டார்கள். பேனாட் கேக் வெட்டும் கத்தியைக் கையில் பிடித்தபடி நிலத்தைப் பார்த்தார். அந்த வளவில் தலைகுனிந்து நின்றது இப்போது அவர் ஒருவர்தான். வெட்கம் கூடப் பெரிதில்லை. எலிசா இனி யோசெப்பைத் திரும்பிப் பார்ப்பாளே, அந்தப் பார்வையைத் தாங்க வேண்டுமே என்பதுதான் அவருக்குப் பெரிது.

எலிசா சிரிக்கவில்லை. நூலைக் கையில் எடுத்து, ஒவ்வொரு காம்பிலும் போட்டிருந்த சுருக்கைத் தடவிப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் நீங்கள் தனியவோ கட்டினீங்கள்?" என்று கேட்டாள். "எனக்காகவோ?"

பேனாட் கத்தியைக் கேக்குப் பக்கத்தில் வைத்தார். அப்போதுதான் றோசா, கையில் இருந்த தட்டை வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள்.

"றோசா, சும்மா இரும்," என்றான் யோசெப் அவசரமாக.

"நான் ஏன் சும்மா இருக்க வேணும்?" என்றாள் றோசா கண்ணைத் துடைத்தபடி. "அத்தான், நீங்கள் ஏன் இவ்வளவு பாடுபட்டனீங்கள்? எங்கட ஊமத்தையும் மேலதான் பாத்தது. இவர் அக்காவுக்கு அனுப்பேக்குள்ள படத்தைத் தலைகீழாத் திருப்பி விட்டவர், அவ்வளவுதான்!"