கம்ப்ளீட்டா, ஃபினிஷா, அண்ணாச்சி?

தாராவியில் ஆங்கிலத்துக்குப் பயந்தவர்கள் நிறையப் பேர். ஆங்கிலத்தையே பயமுறுத்தியவர் டிக்‌ஷனரி அண்ணாச்சி ஒருவர்தான். தோல் பை தைக்கும் எங்கள் கம்பெனியில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதுவது அவர் வேலை. நான் அவருக்கு உதவியாள். ‘முடிந்தது’ என்று எழுதவேண்டி வந்தால் போதும், அன்று கடிதம் போகாது.

“ஏல, பை எல்லாம் தச்சாச்சு. பிடி இன்னும் மாட்டல. அப்ப இது ஃபினிஷா, கம்ப்ளீட்டா?”

“எதையாவது போடுங்க அண்ணாச்சி.”

“எதையாவது போட இது என்ன சாம்பாரா? ஃபினிஷ்னா வேல முடிஞ்சுது. கம்ப்ளீட்னா கொறையில்ல. வேல முடிஞ்சும் கொற இருக்கலாம்லா?”

அன்று வீட்டில், “சாப்பிட்டு முடிச்சாச்சா?” என்று மனைவி கேட்டாள். தட்டு காலியானதைக் கேட்கிறாளா, வயிறு நிறைந்ததைக் கேட்கிறாளா என்று குழம்பி உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் சாதம் விழுந்தது.

ஒருமுறை அந்தேரி வாடிக்கையாளர் போனில் சரக்கைப் பற்றி விசாரித்தார். டோட்டல், என்டயர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, பைகள் சேதமின்றி முழுசாக இருப்பதாகச் சொல்ல நினைத்து, “ஆல் பேக்ஸ் ஆர் ஹோல், சார்” என்றார் அண்ணாச்சி. வாடிக்கையாளர் காதில் அது ஓட்டை என்று விழுந்தது. டாக்சி பிடித்து ஓடிவந்து, ஒவ்வொரு பையாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“ஹோல் கிதர் ஹை?” ஓட்டை எங்கே என்று இந்தியில் கேட்டார்.

“சப் ஹோல் ஹை, சாப்” என்றார் அண்ணாச்சி, எல்லாமே ஹோல்தான் என்று பெருமையாக.

பிறகு எனக்கு சான்பாடாவில் வேறு வேலை கிடைத்தது. திங்கட்கிழமை அனுபவச் சான்றிதழ் காட்டாவிட்டால் வேலை இல்லை. அதை எழுத அண்ணாச்சி மூன்று நாள் இழுத்தடித்தார்.

“ஆறு வருஷ சர்வீஸ ஃபினிஷ் பண்ணினான்னு போட்டா, உன் கதையே முடிஞ்ச மாதிரி இருக்கு. கம்ப்ளீட்னு போட்டா, நீ கொறையே இல்லாதவன்னு ஆயிரும். அது பொய்யில்லா?”

சனிக்கிழமை சாயங்காலம் கோபத்தில் வெறுங்கையோடு கிளம்பிவிட்டேன்.

திங்கள் காலை புது ஆபீஸ் வாசலில் வியர்த்துப்போய் நின்றிருந்தார் அண்ணாச்சி. கையில் உறை. அவசரமாகப் பிரித்தேன். ஃபினிஷும் இல்லை, கம்ப்ளீட்டும் இல்லை. ஆறு வருடம் எங்களோடு இருந்தார் என்று மட்டும் ஆங்கிலத்தில் எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்.

“இத எழுதவா மூணு நாளு?”

“முடிஞ்சுதுன்னு எழுத கை வரலடே.”

லோக்கலைப் பிடிக்கவேண்டும் என்று திரும்பி நடந்தார். ஸ்டேஷன் வரைக்கும் நானும் கூடவே போனேன். முதல் நாளே ஆபீசுக்குத் தாமதம்.