நடக்கத் தெரிந்த அம்மாவுக்கு ஒரு வீல்செயர்

"உங்கள் அம்மாவின் பயணத்திலிருந்து வீல்செயர் நீக்கப்பட்டுள்ளது. இனிய பயணம் அமையட்டும்!"

மெல்பேர்னின் மல்கிரேவ் அலுவலகத்தில் மீட்டிங் நடந்துகொண்டிருந்தபோது அருந்தவனின் கைபேசியில் இந்தச் செய்தி வந்து விழுந்தது. அனுப்பியது 'துணை'. பயணிகளுக்கு வேண்டியதையெல்லாம் தானே பார்த்துச் செய்கிற செயற்கை நுண்ணறிவு. அதற்குத் தமிழ் கற்றுக்கொடுத்த குழுவில் அருந்தவனும் ஒருவன் என்பதால், யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் விழித்தான்.

அவனுடைய அம்மா நாகேஸ்வரி அடுத்த கிழமை யாழ்ப்பாணம் கொக்குவிலிலிருந்து வருகிறார். கொழும்பில் ஏறி, சிங்கப்பூரில் பிளேன் மாறி, மெல்பேர்னில் இறங்க வேண்டும். அப்பா காலமான பிறகு தனியாக வருவது இதுதான் முதல் தடவை. ஆங்கிலம் தெரியாது. கால்களில் ஒரு குறையும் இல்லை. கோயிலுக்குப் புறப்பட்டால் கூடப் போகிறவர்களுக்குத்தான் மூச்சு வாங்கும். ஆனால் நம்மவர்களில் யார் கால் வலிக்காக வீல்செயர் போட்டார்கள்? வீல்செயர் என்றால் அதைத் தள்ள ஓர் ஆள் வருவார். அந்த ஆள் அடுத்த பிளேனின் வாசல்வரை கொண்டுபோய் விடுவார். பிள்ளைகள் இங்கே நிம்மதியாக இருக்கலாம். இந்தச் சூட்சுமம் துணைக்கு விளங்கவில்லை என்று அருந்தவன் முடிவு செய்தான்.

"ஏன் எடுத்தனி?" என்று துணையிடமே கேட்டான்.

"பயணி நன்றாக நடக்கிறார் என்று பதிவாகியுள்ளது. வாழ்த்துகள்!"

அம்மாவின் கைபேசி அவருடைய நடையை அளந்து கோள் சொல்லியிருக்க வேண்டும். அந்த வசதியைச் சேர்த்ததும் அவனுடைய குழுதான். பெருமூச்சோடு வெளியே வந்து அம்மாவுக்குக் கோல் எடுத்தான்.

"அம்மா, கோயிலுக்குப் போகேக்க போனைக் கொண்டு போகாதேங்கோ."

"ஏன் ராசா, கள்ளர் திரியிறாங்களோ?"

"இல்லையம்மா. நீங்கள் நடக்கிறது அதுக்குத் தெரியுது."

"ஆருக்கு?"

அதை விளங்கப்படுத்துவதற்குள் அவனுடைய மீட்டிங் முடிந்துவிட்டது.

"சரி, என்ன சாப்பிட்டனி?"

"சான்விச்."

"மத்தியானத்துக்கும் பாணோ? அங்க அரிசி இல்லையோ?"

அவன் அம்மாவோடு இப்படிக் கதைத்து நாளாகிவிட்டது. வேலை அப்படி. மருந்து குடித்தாரா, கதவைப் பூட்டினாரா என்றெல்லாம் ஒவ்வொரு காலையும் துணைதான் அழைத்துக் கேட்கும், அதுவும் மிக மரியாதையாக. இது இரண்டு பேருக்கும் வசதி என்று அருந்தவன் மனதார நம்பினான்.

வீல்செயரைத் திரும்பப் போட்டான். காரணம் என்ற இடத்தில் 'முழங்கால் நோ' என்று எழுதினான். அடுத்த நாளே வந்தது பதில்: "வீல்செயர் நீக்கப்பட்டுள்ளது."

மறுபடியும் கொக்குவிலுக்குக் கோல்.

"அம்மா, ஆரும் கேட்டா முழங்கால் நோகுது எண்டு சொல்லுங்கோ."

"நோகாத காலை நோகுது எண்டு சொன்னா, பிறகு உண்மையா நோகுமடா."

"ஒரு பேச்சுக்குத்தானேயம்மா!"

"பேச்சு எண்டோன்னத்தான் ஞாபகம் வருது. பக்கத்து வீட்டுக்காரர் என்னோட பேச்சுவார்த்தை இல்லை, தெரியுமே?"

அவனுக்குத் தெரியாது. மதில் கட்டியபோது ஒரு முருங்கையைத் தறித்துவிட்டார்களாம். முருங்கை முடிந்து கிணற்று மோட்டர் வந்தது. மோட்டர் முடிந்து யாரோ ஒருவரின் மகளுடைய கலியாணம் வந்தது. அருந்தவன் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு வேலை பார்த்தான். கழுத்துப் பிடித்துக்கொண்டது.

இனிப் பெரிதாகவே ஒன்றைச் சொல்லிவிடலாம் என்று நினைத்து, 'அறவே நடக்கமாட்டார்' என்று எழுதினான். அதுதான் பிழை. துணை உருகிப்போய்விட்டது. மிகவும் வருந்துவதாகச் சொல்லி, வீல்செயருக்குப் பதிலாகப் படுக்கையைப் போட்டது. உப்பும் உறைப்பும் இல்லாத சாப்பாட்டை எழுதியது. டொக்டரின் கடிதம் வரும்வரை விமான ரிக்கெற்றையும் நிறுத்திவைத்தது.

"கட்டிலிலையோ என்னைக் கொண்டு போகப் போறாங்கள்?" என்று அம்மா பாய்ந்தார். "சனம் பாத்தா என்ன நினைக்கும்? நான் செத்துப்போனன் எண்டெல்லோ கதை கட்டும்!"

"நான் சரிப்படுத்திறன் அம்மா."

"உப்பில்லாச் சாப்பாடு வேண்டாம் எண்டும் சொல்லு."

"ஓம்."

"பின்னேரம் எடுத்து என்ன நடந்தது எண்டு சொல்லு."

வீட்டில், குசினி வாசலில் கரண்டியோடு நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள் மனைவி நிரூபா.

"என்னப்பா, போன வருசம் முழுக்க நீங்கள் மாமியோட இவ்வளவு கதைக்கேல்லை."

"கதையோ இது? அந்தக் கோதாரி மிஷின் என்னை உயிரோட தின்னுது."

கோபத்துக்குக் கீழே பயம்தான் இருந்தது. சிங்கப்பூரில் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, போகிற வருகிற முகங்களைப் பார்த்தபடி அம்மா நிற்பதாக நினைத்துப் பார்த்தான். யாரிடம் கேட்பார்? என்னவென்று கேட்பார்?

இனி ஒரு மனிதரோடு கதைத்தால்தான் சரிவரும் என்று விமான நிறுவனத்துக்கு அழைத்தான். அங்கேயும் முதலில் ஒரு மிஷின்தான் வந்தது. மனிதர் வேண்டும் என்றான். தன்னாலும் உதவ முடியும் என்றது. மறுபடியும் மனிதர் என்றான். மனம் நொந்ததுபோல் பாட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டது. அந்தப் பாட்டு அவனுக்கு மனப்பாடமான பிறகு ஒரு பெண் குரல் வந்தது. அம்மாவின் பெயரை எழுத்தெழுத்தாக அவன் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கவில்லை.

"சார், நீங்க தமிழா? நான் ஹரிப்பிரியா, சென்னையிலேருந்து பேசறேன்."

அருந்தவனுக்குக் கண் கலங்கிவிட்டது. முழுக் கதையையும் கொட்டினான். அவள் சிரித்தாள். தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது.

"படுக்கையை எடுத்தாச்சு. டிக்கெட்டை ஓபன் பண்ணியாச்சு. சாப்பாடு நார்மல். வீல்சேர் போட்டுட்டேன். சிங்கப்பூர்ல தமிழ் தெரிஞ்ச ஆளையே அனுப்பச் சொல்லிக் குறிப்பும் எழுதிட்டேன், சார்."

"பெரிய உதவி, தங்கச்சி. மிஷின் வைக்கிற இடத்தில மனிசர் இருந்தா இந்தக் கரைச்சலே வந்திருக்காது. அது திரும்பவும் எடுத்துப்போடாமல் ஒருக்காப் பூட்டி விடுங்கோ."

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"மிஷின் எடுக்கல, சார். ரெண்டு தடவையும் உங்கம்மாதான் எங்களுக்குப் போன் பண்ணி எடுக்கச் சொன்னாங்க... வீல்சேர் இருந்தா பையன் கூப்பிடறதில்லையாம்."