வலது பக்கப் பை

படைப்பிரிவுச் சின்னத்தைச் சீருடையில் மட்டுமே அணிய வேண்டும். வலது மார்புப் பையின் பொத்தானில், தோல்வாரில் தொங்கவிட வேண்டும். இது பிரெஞ்சு ராணுவ விதி. இதன் முதல் பாதியை இவ்வளவு மிதித்து, இரண்டாம் பாதியை இவ்வளவு மதித்த மனிதர் புதுச்சேரியில், நாங்கள் நங்கூரம் என்று பட்டப்பெயர் வைத்தவரைத் தவிர வேறு எவருமில்லை.

நங்கூரம் எங்கள் தெருவின் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சீருடை எப்போதோ சிறுத்துவிட்டது. ஆகவே சட்டை, பனியன் எல்லாவற்றிலும் வலது பக்கம் பை தைத்துக்கொண்டார். லுங்கியோடு மீன் வாங்கப் போனாலும் நெஞ்சில் அந்தச் சின்னம், ஒரு பித்தளை நங்கூரம், ஆடும்.

வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் அஞ்சலை ஒருநாள் கேட்டாள்: "இன்னா சொல்தா, நீ கப்பல் ஓட்டினியா?"

"எங்க பட்டாளம் மொதல்ல கப்பலுக்குக் காவலா பொறந்தது அஞ்சல. அந்த ஞாபகத்துக்குத்தான் நங்கூரம். நான் கப்பல்ல வாந்திதான் எடுத்தேன்."

அவள் சிரித்துவிட்டு நல்ல வஞ்சிரத்தை அவருக்குக் கொடுத்தாள். வால்துண்டு எனக்கு. நான் கெஜட்டட் அதிகாரியாக ஓய்வு பெற்றவன். அரசு எனக்கு அணியத் தந்த ஒரே பொருள் அடையாள அட்டை. அதையும் கடைசி நாளில் திரும்ப வாங்கிக்கொண்டது.

புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த ஆகஸ்டு பதினாறாம் நாளில் எங்கள் தெருவில் கொடியேற்றுவோம். ஆண்டுதோறும் நங்கூரம்தான் ஏற்றுவார். பிரெஞ்சுக்காரன் போன நாளுக்குப் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரரா, நான் எதற்கு இருக்கிறேன் என்று தெருச் சங்கச் செயலாளரிடம் கேட்டேன்.

"அவரு நெஞ்சுல ஒண்ணு பளபளன்னு ஆடுது சார். உங்க நெஞ்சுல பேனாதான இருக்குது?"

அன்றே அந்தப் படைப்பிரிவுக்கு முறைப்படி பிரெஞ்சில் எழுதினேன்: ஓய்வு பெற்றவர் சின்னத்தைப் பனியனில் அணியலாமா? பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் இல்லை.

அடுத்த கொடியேற்றத்துக்குள் நங்கூரத்தின் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. கயிற்றைப் பிடித்துப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்து பிரெஞ்சு மரியாதையோடு கூப்பிட்டார்.

"முசியே, நீங்க ஏத்துங்க."

பிறகு என் புதுச் சட்டையை உற்றுப் பார்த்தார்.

"வலது பக்கம் பை எப்ப தச்சீங்க?"

"தையல்காரன் செய்த தவறு."

"பொத்தான் கூடவா?"

தன் நங்கூரத்தைக் கழற்றி என் பொத்தானில் மாட்டினார்.

"விதிப்படி இது..."

"சும்மா நில்லுங்க முசியே, ஆடுதுல்ல."

கொடி ஏறியது. அவர் சல்யூட் அடித்துக்கொண்டு நின்றபோதே தபால்காரர் படைப்பிரிவின் பதிலோடு வந்தார். உள்ளூர் விடுமுறை மத்திய அரசின் தபாலுக்குப் பொருந்தாது. படைப்பிரிவில் பணியாற்றியவரைத் தவிர வேறு எவரும் எக்காரணம் கொண்டும் சின்னத்தை அணியக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். மேல்நடவடிக்கை ஏதுமின்றிக் கடிதத்தை மடித்து, நங்கூரத்துக்குப் பின்னால் அதே பையில் வைத்துப் பொத்தானைப் போட்டேன். பதில் பெறப்பட்ட நாள்: ஆகஸ்டு பதினாறு.