வர்றோம்னு சொன்னா வரணுமா?

"சொல்லிப்போட்டீங்களா, இல்லையா?" என்று கோகிலவாணி கேட்டபோது, நவநீதன் சாக்ஸைக் கழற்றுவதில் அளவுக்கு மீறிய அக்கறை காட்டிக்கொண்டிருந்தான்.

"சொல்லிப்போட்டேன் அம்மிணி."

"என்னன்னு சொன்னீங்க?"

"வர்றோமுங்கன்னு."

கோகிலா தலையில் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்த ஓலைத் தொப்பியை மெதுவாகக் கழற்றிக் கட்டிலின் மேல் வைத்தாள். வெளியே பிப்ரவரி மாத மழை. கெச்சியாவ் நகரத்தில் பாதிப் பேர் கம்பளிக் குல்லாவுக்குள் ஒடுங்கிக் கிடக்கும்போது அவள் கடற்கரைத் தொப்பி வாங்கியிருந்தாள் என்றால் அதற்குக் காரணம் இருந்தது.

திருப்பூரிலிருந்து நவநீதனின் துணி பார்த்து வாங்கும் வேலைக்காகச் சீனாவுக்கு வந்த நாளிலிருந்து, வசந்த விழா எனப்படும் சீனப் புத்தாண்டு விடுமுறை என்ற ஒன்றை அவள் முழுசாகக் கண்டதில்லை. ஒரு வருடம் முதலாளியின் சகலை குடும்பத்தோடு வந்து இறங்கினார். ஊர் சுற்றிக் காட்டப் போனான் நவநீதன். இன்னொரு வருடம் ஈரோட்டுக்காரர் ஒருவர் வீடு மாற்றினார். பீரோ தூக்கப் போனான். போன வருடம் ஊருக்குப் போன நண்பனின் பூனைக்கு மீன் வைக்கப் போனான். யார் எது கேட்டாலும் அவன் வாயில் 'முடியாது' என்று மட்டும் வராது. பல்லைக் கடித்துக்கொண்டு முயற்சி செய்தாலும் 'ஆகட்டுங்க' என்றுதான் வரும்.

இந்த வருடம் சீனப் புத்தாண்டு அன்றே அவர்களுடைய பத்தாவது கல்யாண நாளும் வந்தது. தெற்கே தீவில் இருக்கும் சான்யாவில், கடலைப் பார்த்த அறை. அவனும் அவளும் மட்டும். குலதெய்வத்தின் மேல் சத்தியம் வாங்கிய பிறகுதான் கோகிலா தொப்பியே வாங்கினாள்.

அந்தக் கடலில்தான் ஷென் கல்லைத் தூக்கிப் போட்டார்.

ஷென் சாயப்பட்டறை மேலாளர். நவநீதன் வாங்கும் துணியில் முக்கால்வாசி அவர் பட்டறையில்தான் நிறம் ஏறியது. முந்தின நாள் பட்டறையின் ஆண்டு விருந்தில், அத்தனை பேர் முன்னாலும் கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார். நவநீதன் என்ற பெயர் அவர் வாயில் 'நா' என்றுதான் வரும்.

"தம்பி நா! புது வருசத்துக்கு நீங்க ரெண்டு பேரும் எங்க ஊருக்கு வரணும். எங்கப்பா ரொம்பச் சந்தோசப்படுவாரு."

நவநீதனும் எழுந்து நின்று, "அதுக்கென்னங்க, வர்றோமுங்க" என்றான்.

அவன் ஊர்ப் பக்கத்தில் அதுதான் மரியாதை. கல்யாணத்துக்கு, காது குத்துக்கு, கிடா வெட்டுக்கு, யார் எதற்குக் கூப்பிட்டாலும் "வர்றோமுங்க" என்பார்கள். பாதிப் பேர் வரமாட்டார்கள். கூப்பிட்டவருக்கும் அது தெரியும், சொன்னவருக்கும் தெரியும், இலை போடுகிறவருக்கும் தெரியும். அதனால் இதுவரை யாரும் செத்துப் போனதில்லை.

ஷென்னுக்கு மட்டும் அது தெரியவில்லை. ஒரு நொடி கோப்பையோடு அப்படியே நின்றார். அப்புறம் நவநீதனின் கையைப் பிடித்து, "நெசமாவா?" என்று கேட்டார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நவநீதன் நினைத்துக்கொண்டான்.

"சான்யாவுக்குப் போறோம்னு சொல்றதுக்கு என்னுங்க கேடு?" என்றாள் கோகிலா.

"அத்தனை பேர் முன்னால வர்றோம்னு சொல்லிப்போட்டு, இப்போ கடலைப் பாக்கப் போறோம்னா அந்த மனுசன் மூஞ்சி என்னத்துக்காகும்? லீவு முடிஞ்சா அவருகிட்டத்தான் நான் துணிக்கு நிக்கோணும்."

"அப்போ எப்படியோ தட்டிக் கழிங்க. சான்யா போச்சுன்னா, சித்திரையில நான் கோபிக்குப் பொறந்த ஊட்டுக்கே போயிருவேன். திரும்பி வர்றதைப் பத்தி எங்கண்ணன்கிட்டக் கேட்டுக்குங்க."

இதைக் கோகிலா கத்திச் சொல்லியிருந்தால் நவநீதன் பயந்திருக்க மாட்டான். தொப்பியைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.  அவன் உடனே ஷென்னுக்குப் போன் போட்டான்.

"அண்ணா, உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்? விசேசத்தப்போ வேத்து ஆளுக..."

ஷென் சற்று யோசித்தார். "சிரமம்னு சொல்ல முடியாது. இருந்தாலும் நீங்க சொல்றதும் நியாயந்தான். அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

சற்று நேரத்தில் போனில் ஒரு படம் வந்தது. சிவப்புப் பூப் போட்ட புத்தம் புது இரட்டை மெத்தை. கீழே, 'அப்பா இதை உங்களுக்காகவே வாங்கிட்டாராம்' என்று எழுதியிருந்தது.

"மெத்தையே வாங்கிட்டாங்களா?" என்று கோகிலா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "தொட்டிலும் வாங்கச் சொல்லுங்க!"

மறுநாள் நவநீதன் ஒரு நல்ல காரணம் கண்டுபிடித்தான். நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும் வாரம் அது. ரயிலில் நிற்க இடம் கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

"டிக்கெட் எங்கியுமே இல்லைங்ணா."

"அடடா!" என்றார் ஷென். குரலில் ஏனோ ஒரு தெம்பு வந்திருந்தது. "இல்லையா? பாவம், என்ன பண்றது! என் காரும் ஒர்க்‌ஷாப்புல நிக்குது பாருங்க. சரி, நம்ம கையில என்ன இருக்கு. அப்பாகிட்டச் சொல்லிடறேன்."

நவநீதன் போனை வைத்துவிட்டு வீட்டுக்குள் ஒரு சுற்று ஆடினான். கோகிலா தொப்பியை மறுபடி எடுத்தாள்.

சாயங்காலம் ஷென் கூப்பிட்டார். தெம்பு இறங்கியிருந்தது. "எங்கப்பா ரிட்டயர்டு பஸ் டிரைவர்னு சொன்னேனா? அவரோட கூட்டாளி வேன் ஓட்டறாராம். நம்ம நாலு பேரையும் வாசல்லயே வந்து ஏத்திக்குவாராம்."

தொப்பி பழையபடி கட்டிலுக்குப் போனது.

அடுத்து சாப்பாட்டைப் பிடித்தான். "ஒரு சங்கடமுங்ணா. நாங்க ரெண்டு பேரும் சைவம்."

"அன்னிக்கு விருந்துல முழு வாத்தை நீங்கதானே..."

"நேத்தோட விட்டாச்சுங்க."

"நல்ல விசயம்!" என்றார் ஷென், ஒரு சந்நியாசியை வாழ்த்துவதைப் போல. "எங்க ஊர்ல பன்னிக் கொழுப்பு இல்லாம தண்ணிகூடக் கொதிக்காது. உங்களுக்கு ரொம்பக் கஷ்டம். அப்பாகிட்டச் சொல்லிடறேன்."

அப்பா பதில் அனுப்பினார். கறி படாத புதுச் சட்டி வாங்கியாகிவிட்டது. மூங்கில் குருத்து, காளான், தோஃபு எல்லாம் தயார். தம்பி நா கவலைப்பட வேண்டாம்.

"அந்தக் கிழவனாருக்கு வேற சோலியே இல்லீங்களா?" என்றாள் கோகிலா. "நவுருங்க. உங்களால ஆகாது. எனக்குக் காய்ச்சல்னு சொல்லுங்க. காய்ச்சக்காரிய எவனும் வான்னு கூப்பிட மாட்டான்."

சொன்னான். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, வாசலில் மணி அடித்தது. கதவு ஓட்டையில் பார்த்தால் ஷென்னும் அவர் மனைவி ஃபாங்கும் ஒரு பெரிய தூக்குச் சட்டியோடு நின்றார்கள்.

கோகிலா நீச்சல் உடையையும் வெயில் கிரீமையும் அள்ளிக்கொண்டு போர்வைக்குள் பாய்ந்தாள். காய்ச்சல் யோசனை தந்த தெம்பில் மறுபடி மாட்டியிருந்த தொப்பியை, பாய்கிற அவசரத்தில் கழற்ற மறந்துவிட்டாள். நவநீதன் அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினான்.

"தலைக்கு என்ன?" என்று ஃபாங் கேட்டாள்.

"எங்க ஊர் வைத்தியமுங்க" என்றான் நவநீதன்.

ஃபாங் குனிந்து கோகிலாவின் கன்னத்தைத் தொட்டாள். பனிக்கட்டியாக இருந்த கன்னம். "அய்யோ, கொதிக்குதுங்க!" என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள். "இந்த உடம்போட நம்ம மலை ஊருக்கு வரவே கூடாது."

"கூடவே கூடாது" என்றார் ஷென்.

இவ்வளவு தங்கமான ஜனங்களா என்று நவநீதன் நெகிழ்ந்துகொண்டிருக்கும்போதே ஷென்னின் போன் அடித்தது. திரை முழுக்க ஒரு கிழவரின் முகம். நரைத்த புருவம், வாயில் அணைந்த சிகரெட்.

"போனை அந்தப் பொண்ணுகிட்டக் காட்டு" என்றார் அப்பா. "நாக்கை நீட்டும்மா."

கோகிலா நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம். ம்ம். இது காய்ச்சல் இல்லை. உடம்புல குளிர் ஏறியிருக்கு. இஞ்சியும் பேரீச்சையும் போட்ட கஷாயம்தான் அந்தத் தூக்குல இருக்கு, சொன்னபடியே வச்சிருக்கா மருமக. சூடாக் குடிச்சாக் காலையில சரியாயிடும். மீதிக் குளிரை நம்ம ஊர்க் காத்து பாத்துக்கும்."

"அப்பா, டாக்டர்கிட்டக் காட்டிட்டு..." என்று ஷென் இழுத்தார்.

"நான் பாத்துட்டேன்ல?" என்றதோடு போன் அணைந்தது.

நான்கு பேரும் கொஞ்ச நேரம் தூக்குச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கோகிலா எழுந்து உட்கார்ந்து, தலையில் துண்டும் தொப்பியுமாக, அந்தக் கஷாயத்தைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. இஞ்சி என்று ஃபாங் நினைத்திருக்கக்கூடும். அன்று மாலை நவநீதன் சான்யா அறையை ரத்து செய்தான்.

வேன் வந்தது. ஏறினார்கள். வழியெல்லாம் கோகிலா இடது ஜன்னலைப் பார்த்தாள், ஃபாங் வலது ஜன்னலைப் பார்த்தாள். ஷென் கண்ணை மூடிக்கொண்டார். நவநீதன் மட்டும் மலையைப் புகழ்ந்து நாலு வார்த்தை சொன்னான். வேன்காரர் மட்டும் "ஆமா" என்றார்.

ஊர் எல்லையிலேயே பெரியவர் நின்றுகொண்டிருந்தார். வேன் நின்றதும் நீளமான சரவெடியைக் கொளுத்தினார். நவநீதனைக் கட்டிப் பிடித்து, கோகிலாவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கி, அவர்கள் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். பெற்ற பிள்ளை பின்னால் வந்தார்.

வெளிநாட்டுக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் ஊரே பார்க்க வருமே என்று கோகிலா சால்வையைச் சரி செய்துகொண்டாள். ஊரும் வந்தது. வந்தவர்கள் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேராகப் போய் ஷென்னைச் சுற்றி நின்றார்கள். ஒரு அம்மாள் அவர் கன்னத்தைக் கிள்ளி, "இளைச்சுட்டியேடா" என்றாள். ஷென் நெளிந்தார்.

"குளியலறை ஸ்விட்ச் எங்கப்பா?" என்று பிறகு அவர் கேட்பது காதில் விழுந்தது.

"அதை மாத்தி எத்தனையோ நாளாச்சு" என்றார் பெரியவர்.

ராத்திரி விருந்தில் மேஜை தெரியவில்லை, தட்டுகள்தான் தெரிந்தன. நவநீதனின் மூக்குக்கு நேரே பளபளவென்று பன்றிக் கறியும், பொன்னிறத்தில் வாத்தும் கடந்து போயின. அவனுக்கு முன்னால் தோஃபு. மூங்கில் குருத்து. மறுபடி தோஃபு.

"நேத்தோட விட்டாச்சுங்களே" என்று கோகிலா தமிழில் காதோரம் சொல்லி, எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தாள்.

ஷென் ஆரம்பத்தில் கடமைக்கு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது கோப்பை அரிசி மதுவுக்குப் பிறகு, சின்ன வயதில் அப்பாவின் பஸ்ஸை எடுத்துக் குளத்தில் இறக்கிய கதையைச் சொன்னார். பெரியவர் அதை மறுத்து, அது குளமே இல்லை, சாக்கடை என்றார். ஃபாங் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். சுவரில் சாய்ந்து நால்வரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கிழவரின் முகத்தைப் பார்த்ததும் நவநீதன் எடுத்த தோஃபுவைத் திரும்பத் தட்டிலேயே வைத்தான். இப்படிப்பட்ட மனிதரிடமா இத்தனை பொய் சொன்னோம்!

காலையில் எழுந்தால் இன்னொரு அடி விழுந்தது. கல்யாண நாள் விஷயத்தைக் கோகிலா பேச்சுவாக்கில் ஃபாங்கிடம் சொல்லியிருக்கிறாள். பெரியவர் விடியுமுன் எழுந்து, அந்தப் புதுச் சட்டியில் நீள நூடுல்ஸ் செய்து, மேலே ஜோடியாக இரண்டு முட்டை வைத்து, தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார்.

"நூடுல்ஸ் இழையை அறுக்காமச் சாப்பிடுங்க. ஆயுசுக்கும் சேந்து இருக்கணும்" என்றார்.

அவர் போனதும் கோகிலா கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, கடல் போனாப் போவுதுங்க. நான் கோபிக்கும் போகல, ஒண்ணும் போகல. ஆனா இந்த நூடுல்ஸ் என்ற தொண்டைக்குள்ள இறங்காது. போயி அவருகிட்ட உண்மையைச் சொல்லிப்போட்டு வாங்க."

"இப்பவேவா?"

"முட்டை ஆறுறதுக்குள்ள."

பெரியவர் முற்றத்தில் வெடிக் காகிதங்களைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நவநீதன் போய் நின்றான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரிடம் 'இல்லை' என்று சொல்ல வேண்டும். 

"ஐயா, மன்னிக்கணும். டிக்கெட் கிடைக்கலைன்னு சொன்னது பொய். நாங்க சைவமும் இல்லை. என் சம்சாரத்துக்குக் காய்ச்சலும் இல்லை. எல்லாம் சான்யாவுக்குப் போறதுக்காகச் சொன்னதுங்க. நீங்க இவ்வளவு அன்பா..."

 பெரியவர் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். உள்ளே ஷென்னும் ஃபாங்கும் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நவநீதனின் தோளில் கை போட்டார்.

"அதெல்லாம் அப்பவே தெரியும் தம்பி."

"தெரியுமா! அப்புறம் எப்படி ஒவ்வொண்ணுக்கும் உடனே உடனே வழி பண்ணீங்க?"

"டிக்கெட் இல்லை, வயித்துக்கு ஒத்துக்காது, பொண்டாட்டிக்குக் காய்ச்சல். இதெல்லாம் ஏழு வருசமா எம் மவன் சொல்லிட்டு சான்யாவுக்குப் போற சாக்குதானே, பதிலை ரெடியா வச்சிருந்தேன். ஒப்புக்குக் கூப்பிட்டதுக்கு நீங்க வர்றோம்னு சொன்னதாலதான் அவனும் வேற வழியில்லாம வந்து சேந்திருக்கான், அதனால அடுத்த வருசமும் நீங்க வர்றீங்கன்னு ஊர் பூராவும் சொல்லிட்டேன்!"