கப்பலில் ஏற்றிய சரக்கு

மானம் கப்பலேறும் என்று சொல்வார்கள். மற்றவர்களுக்கு அது தானாக ஏறும். நான் டிக்கெட் எடுத்து ஏற்றியவன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ளவர்களை எல்லாம் மேலே தூக்கிவிடுவது என் தொழில். வீட்டில் மட்டும் எப்போதும் தரைத்தளம். என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தனக்கென்று தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொண்டு, ஓட்டுகிறவன் தப்புச் செய்ய நினைப்பதற்கு முன்பே மிதித்து நிறுத்துகிறவள். வீட்டிலும் அதே பழக்கம். நான் வாயைத் திறந்தால் அவள் வலது கால் தரையில் லேசாக அழுந்தும். என் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கல்யாண நாளுக்கென்று சொகுசுக் கப்பலில் போனோம். ஏறின அன்றைக்கே மேல்தளத்தில் காற்று வாங்கியபடி அவள் சொன்னாள்.

"ஊருக்குத் திரும்பினதும் என் தம்பி நம்ம வீட்டுக்கே வந்துடறான்."

"எத்தனை நாளைக்கு?"

"நாள் கணக்கெல்லாம் எதுக்கு? அவன் என்ன விருந்தாளியா?"

"எங்கே தங்குவான்?"

"உங்க பின்னறை சும்மாதானே கிடக்கு?"

சும்மா கிடப்பது அறை இல்லை. அதில் நான்தான் சும்மா கிடக்கிறேன். ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஒரு கதவு. உலகத்தில் எனக்கென்று உள்ள சொத்து அந்தத் தாழ்ப்பாள்தான். மச்சினனோ பாட்டுக் கச்சேரிகளில் டிரம்ஸ் வாசிப்பவன். கச்சேரி இல்லாத நாட்களில் இன்னும் அதிகமாக வாசிப்பவன்.

"டிரம்ஸும் வருதா?"

"கையைக் கழட்டி வெச்சிட்டு வான்னு சொல்ற மாதிரி இருக்கு நீங்க கேக்கறது."

"இல்லம்மா, நான் என்ன சொல்ல வரேன்னா..."

கால் அழுந்தியது. நின்றுவிட்டேன்.

அப்போதுதான் அந்த முடிவுக்கு வந்தேன். தெளிவாக இருக்கும்போது இவளிடம் பேச முடியாது. எனவே தெளிவாக இருக்கக் கூடாது. பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு தொட்டதில்லை. பரவாயில்லை. குடித்தாவது ஒரே ஒரு தடவை, "வேண்டாம்" என்று சொல்லிவிடுவேன். பிறகு அவள் என்ன செய்தாலும், "போதையில உளறிட்டேம்மா" என்று காலில் விழுந்துவிடலாம். ஆனால் சொன்னது சொன்னதுதான்!

கப்பலிலேயே மதுக்கடை இருந்தது. விலைப் பலகையைப் படித்தேன். குடிக்காமலே தலை சுற்றியது. மறுநாள் ஒரு துறைமுகத்தில் கப்பல் நிற்கும், அங்கே பாதி விலைக்குக் கிடைக்கும் என்று பக்கத்து அறைப் பல் டாக்டர் காதைக் கடித்தார். கூடவே குண்டையும் போட்டார்.

"ஆனா வெளியே வாங்கின பாட்டிலை வாசல்லயே பிடுங்கி வெச்சுக்குவாங்க. கடைசி நாள் இறங்கும்போதுதான் திருப்பித் தருவாங்க."

கடைசி நாள் தைரியம் எனக்கு எதற்கு? அன்றைக்கு என் வீட்டு வாசலில் டிரம்ஸ் நிற்கும்.

பயணிகள் கப்பலைச் சரக்குக் கப்பலாக்குவது எப்படி என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். வழி கிடைக்கவில்லை.

மறுநாள் துறைமுகத்துத் தெருவில் ஒரு சின்னக் கடை. கடைக்காரம்மாவின் பாஷை எனக்குத் தெரியாது. என் பாஷை அவளுக்குத் தெரியாது. அலமாரி நிறைய ஒயின் பாட்டில்கள். லேபிளில் ஓர் எழுத்தும் புரியவில்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் அழகாக ஒரு திராட்சைக் குலை படம். வழி கிடைத்துவிட்டது! ஒரு பாட்டிலைக் கையில் எடுத்தேன். பின்னாலிருந்து குரல்.

"என்னங்க அது?"

"திராட்சை ரசம்."

பொய் சொல்லவில்லை, பாருங்கள். திராட்சையின் ரசம்தானே? சில நாள் அதிகமாக ஊறியது, அவ்வளவுதான்.

"உடம்புக்கு நல்லதா?"

"ரத்தம் ஊறும்."

"அப்படின்னா எனக்கும் ஒன்னு எடுங்க. ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

"வெயில்."

"கடைக்குள்ளயா? எதிர்க்கடையில தொப்பி விக்கிறாங்க, போய் ஒன்னு வாங்கிட்டு வாங்க. இதை நான் பார்த்துக்கறேன்."

தொப்பியோடு திரும்பியபோது இரண்டு பாட்டில்களும் காகிதப் பையில் தயாராக இருந்தன. கடைக்காரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். பாசமான ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

கப்பல் வாசலில் சோதனை. எனக்கு முன்னால் பல் டாக்டர். அவருடைய பாட்டிலை எடுத்துச் சீட்டு ஒட்டி உள்ளே வைத்துவிட்டார்கள். தன் பல்லையே பிடுங்கியது போல முகத்தைப் பிடித்துக்கொண்டு போனார். அடுத்தது நான். காவலர் பாட்டிலை வெளியே எடுத்தார். லேபிளைப் படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் படித்தார்.

"ஜூஸா?" என்றார்.

"ஜூஸ், ஜூஸ்! சுத்தமான ஜூஸ்!"

"போங்க."

உலகத்துச் சுங்கச் சாவடிகளை எல்லாம் ஏமாற்றியவன் போல நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். இவ்வளவு பெரிய கப்பலில் எழுதப் படிக்கத் தெரியாத காவலரா என்று கொஞ்சம் பரிதாபமாகக்கூட இருந்தது.

சூரியன் கடலில் இறங்கும் நேரம். எங்கள் அறை பால்கனியில் இரண்டு நாற்காலி, இரண்டு டம்ளர். முதல் டம்ளரைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தேன். தித்தித்தது. கசக்கும் என்றல்லவா சொன்னார்கள்? உயர்ந்த ரகம் போலிருக்கிறது. அவளும் ஒரு டம்ளர் குடித்தாள். அசையவில்லை. எதையும் தாங்குகிறவள் அவள்.

இரண்டாவது டம்ளரில் தரை ஆடியது. கப்பல் என்றால் ஆடத்தான் செய்யும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஏறிவிட்டது என்று நினைத்தேன். எழுந்து நின்றேன்.

"இந்தா பாரு!"

"சொல்லுங்க."

"உன் தம்பி வரக் கூடாது!"

அவள் காலைப் பார்த்தேன். அசையவே இல்லை.

"அந்த அறை என்னுது! தாழ்ப்பாள் என்னுது! டிரம்ஸ் வந்தா அதுமேல ஏறி மிதிப்பேன்! உன் தம்பி வாசிக்கறது வாத்தியமா? தகர டப்பா உருண்டாக்கூட அதுல ஒரு தாளம் இருக்கும்!"

"அப்புறம்?"

அங்கேதான் விழுந்தேன். இத்தனை வருஷம் பிரேக்கை நம்பி ஓடின வண்டி நான். என்னை நானே நிறுத்தி எனக்குப் பழக்கமில்லை. வீரம் தீர்ந்த பிறகும் வாய் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டாவது பாட்டிலையும் திறந்தேன். அவள் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதை நினைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

"உன்னை மாதிரி பொம்பளை கிடைக்குமா? நான் ஒரு பாவி. உன் தம்பி யாரு? எனக்கும் தம்பிதானே! வரட்டும்! பின்னறை என்ன, நாற்காலியும் அவனுக்குத்தான். தாழ்ப்பாளை நானே கழட்டித் தரேன். டிரம்ஸை யாரும் தொடக் கூடாது, நான் தூக்கிட்டு வருவேன்! தினமும் காலையில அவன் வாசிச்சாத்தான் நான் எழுந்திருப்பேன்!"

"நிஜமாவா?"

"சத்தியமா!"

அவள் தலையில் கை வைத்தே சத்தியம் செய்தேன். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்துக் கொஞ்சம் பாடினேன். பல் டாக்டர் தன் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

காலையில் எழுந்ததும் எல்லாம் நினைவுக்கு வந்தது. ஆனால் தப்பிக்கும் வழி முன்பே யோசித்து வைத்ததுதானே? ஈரத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு முனகினேன்.

"தலைவலியா?" என்றாள்.

"வெடிக்குதும்மா. ஒரு உண்மையைச் சொல்லிடறேன். அது ஜூஸ் இல்ல, ஒயின். போதையில என்ன உளறினேன்னே தெரியல. எதையும் மனசுல வெச்சுக்காதே."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் காற்றில் ஸ்டியரிங் திருப்பினாள்.

"என்ன இது?"

"கடைக்காரம்மாகிட்ட இப்படித்தான் காட்டினேன். நீங்க எடுத்த பாட்டிலைக் காட்டி, வேணாம்னு தலையை ஆட்டினேன். வண்டி ஓட்டறவங்க குடிக்கறது கேக்கறேன்னு புரிஞ்சுக்கிட்டா. அதே மாதிரி பாட்டில், அதே திராட்சைப் படம், வேற ரெண்டு எடுத்துக் கொடுத்தா. வெறும் ஜூஸுங்க. அதுல கிக்கும் கிடையாது, கிளட்சும் கிடையாது."

துண்டிலிருந்து தண்ணீர் மூக்கு வழியாகச் சொட்டியது.

"அப்போ... நேத்து நான்..."

"தெளிஞ்ச புத்தியோடதான் பேசினீங்க. தகர டப்பாவை நான் தம்பிகிட்ட சொல்லலை. சத்தியம் பண்ணினதை மட்டும் காலையிலயே போன் பண்ணிச் சொல்லிட்டேன். மாமாவா இப்படின்னு அழுதுட்டான்."

கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்தது. என் குடிதான் முழுகிவிட்டது. டிரம்ஸை நான்தான் சுமந்தேன்.

இப்போதெல்லாம் யார் வீட்டுக்குப் போனாலும், ஜூஸ் நீட்டினால் கை கூப்பிவிடுகிறேன்: "மன்னிச்சுக்குங்க, நான் குடிக்கிறதை விட்டுட்டேன்."