அப்பா ரூட்டருக்குக் காவல் இருக்கிறார்

அன்புள்ள சித்திக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். சித்தப்பாவிடம்கூட வேண்டாம், அவர் சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணினால் மன்னியுங்கள். இந்தக் காலத்தில் ஏன் தாளில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். வீட்டில் நெட் இல்லை. நிறுத்தியது நான்தான்.

பள்ளியில் எங்களுக்குக் கணினி வலையமைப்பும் அதன் பாதுகாப்பும் பாடமாக வந்திருக்கிறது. அந்தச் சூட்டோடு எங்கள் ரூட்டருக்குள் நுழைந்து பார்த்தேன். வாங்கிய அன்று பெட்டியின் முதுகில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லே இன்னும் இருந்தது, பூட்டிலேயே சாவியைத் தொங்கவிட்ட மாதிரி. உள்ளே எங்கள் வீட்டில் இல்லாத போன்களெல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அண்ணன் தன் கூட்டாளிகளுக்கெல்லாம் நெட்டை வாரி வழங்கியிருக்கிறான். எனக்கு வயிறு எரிந்தது. கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்று விதிகள் எழுதினேன். முதல் வரி, எவரையும் விடாதே. இரண்டாம் வரி, எங்கள் வீட்டாரை விடு. ரூட்டர் மேலிருந்து கீழே படிக்கும் சித்தி, பொருந்துகிற முதல் வரியோடு நின்றுவிடும். அது என்னையும் சேர்த்து எல்லாரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டது. இரண்டாம் வரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீடு அல்லோலகல்லோலப்பட்டது. அப்பா நெட் கம்பெனிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டு, அங்கிருந்தவர் சொன்னபடியெல்லாம் தட்டிப் பார்த்துக் களைத்தார். கடைசியில் அந்தக் கம்பெனிக்காரர், "சார், எந்தப் பக்கமும் நுழைய முடியல. நல்லா விஷயம் தெரிஞ்ச ஆள் செஞ்ச வேலை இது. நாளைக்கு சாயங்காலம் நேர்ல வரேன், அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க" என்றார். நான் பயந்தது உண்மை. ஆனாலும் அதைக் கேட்டதும் எழுந்து நின்று எல்லாருக்கும் வணக்கம் வைக்க வேண்டும் போலிருந்தது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். அண்ணன், வெளிநாட்டுக் கும்பலாக இருக்கும் என்று அப்பாவிடம் அடித்துச் சொன்னான். எந்த ஒயர் எந்த ஓட்டையில் போகும் என்றாவது தெரியுமா என்று போன வாரம் என்னைக் கேலி செய்தவன் இவன்தான்.

கஷ்டம் என்னவென்றால், அக்காவுக்கு நாளைக் காலை வேலைக்கான நேர்முகம், வீடியோவில். எவ்வளவு நாள் காத்திருந்து வந்த அழைப்பு என்று உங்களுக்கே தெரியும். எங்கள் வீட்டுக்குள் போனில் பேசலாம், ஆனால் போனில் நெட் வருவது மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான். அங்கே நின்று மோட்டார் சத்தத்துக்கு மேல் கத்திப் பதில் சொல்லப் பழகினாள். இறங்கி வரும்போது கண் சிவந்திருந்தது. என்னால் சரிசெய்ய முடியும் சித்தி. ரூட்டரின் பின்னால் இருக்கிற சின்ன ஓட்டையில் காம்பஸ் முனையால் அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். திரும்ப இணைக்க வேண்டிய விவரங்களை, எதையும் மாற்றுவதற்கு முன்பே நகல் எடுத்து வைத்தேன். எங்கள் வகுப்பில் அந்தப் புத்தி எனக்கு மட்டும்தான் இருக்கிறது. ஆனால் ரூட்டருக்கு முன்னால் நாற்காலி போட்டு, கையில் கம்போடு அப்பா உட்கார்ந்திருக்கிறார். திருடன் ஒயர் வழியாக வந்தாலும் விடமாட்டாராம். விடிந்ததும் போலீசுக்குப் போகிறாராம். உண்மையைச் சொன்னால் அக்கா பிழைப்பாள், நான் தொலைந்தேன். என்னைத் துரத்திவிட்டால் உங்கள் வீட்டில் ஒரு மூலை கொடுப்பீர்களா? எப்படியும் விடிவதற்குள் நான்

கதவைத் தட்டுகிறா

பி.கு.: அப்பாதான். ஒரு கையில் ரூட்டர், மறு கையில் கம்பு. கம்பு எனக்கென்று கண்ணை மூடிக்கொண்டேன். "நெட் போச்சுன்னு வீடே கத்துச்சு. நீ ஒருத்திதான் கத்தல" என்றார். கம்பை வைத்துவிட்டு என் டார்ச்சை வாங்கிப் பிடித்தார், நான் காம்பஸால் அழுத்தினேன். இப்போது முதல் வரியில் அக்கா இருக்கிறாள். எவரையும் விடாதே என்பது கடைசி வரி. காலையில் நேர்முகம் நல்லபடியாக முடிந்தது, அப்போதே வேலை கிடைத்துவிட்டது. மத்தியானம் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தி, "உங்க அண்ணன மட்டும் அந்தக் கடைசி வரிக்குக் கீழ போட முடியுமாம்மா? பரீட்சை முடியற வரைக்கும்" என்று கேட்டார். போட்டுவிட்டேன். ஆகையால் இந்தக் கடிதத்தை எல்லாரிடமும் தாராளமாகக் காட்டுங்கள், சித்தப்பா வாய்விட்டுச் சிரிக்கட்டும். அண்ணனிடம் மட்டும் வேண்டாம். வெளிநாட்டுக் கும்பல் திரும்ப வந்துவிட்டது என்று நெட் கம்பெனிக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
நல்லா விஷயம் தெரிஞ்ச ஆள்